வைஃபை லாகின் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். 34 வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர், இப்போது அவருக்கு 82 வயது. போன அக்டோபரில் ஒரு புது ஆண்ட்ராய்டு போனை எங்கள் வீட்டு வைஃபையில் சேர்ப்பதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. போனில் கோளாறு இல்லை, லைனிலும் கோளாறு இல்லை. நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிற கனெக்‌ஷனின் லாகின், அதாவது யூசர் ஐடியும் பாஸ்வேர்டும், எங்களிடம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பழைய காரைக் கட்டடம். வாசல் பக்கம் தார்சா, பிறகு பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் போகும். சுவர் ஒன்றரை அடி கனம். செல்போன் சிக்னல் தார்சாவோடு நின்றுவிடும். மகனோடு பேச வேண்டுமென்றால் வாசல்படியில்தான் உட்கார வேண்டும். அவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகு அதுவும் முடியாமல் போனது. அதனால் ஆனி மாதம் ஃபைபர் இழுத்தோம். உள்ளூரில் கொடுப்பவர்கள்தான். மாதம் 499 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 589.

பெட்டியை மாட்ட வந்த பையன் நல்ல பையன். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தார்சா ஜன்னலுக்கு மேலே ரூட்டரை மாட்டினான். என் பழைய போனை வாங்கினான், தன் போனைப் பார்த்துப் பார்த்து எதையோ டைப் செய்தான். "ஆச்சி, நெட் வந்துட்டு" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வைஃபை பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன், சொன்னான், நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அதற்குள் இன்னொரு பூட்டு இருக்கிறது, அதற்கு வேறு சாவி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் அதற்கு அவசியமும் வரவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு மகன் வந்தபோது ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். அதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். முன்பெல்லாம் ஆட்டோவில் வைத்து அவரை பாங்கிக்குக் கூட்டிப் போவேன். இப்போது அவரை நாற்காலியில் உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டும். 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில் 2021-இலிருந்து முகத்தை வைத்தே சான்று கொடுக்கலாம், ஆண்ட்ராய்டு போன் போதும். என் பழைய போனில் கேமரா மங்கல். நம் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து கொடுக்கிற சேவையும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் இலாகா அது. ஆனால் வீட்டிலேயே நெட்டும் போனும் இருக்கும்போது நானே செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

மகன் ஊருக்குப் போன மறுநாள் போனை எடுத்து உட்கார்ந்தேன். வைஃபை பெயரைத் தொட்டேன். நாட்காட்டியைப் பார்த்து பாஸ்வேர்டு போட்டேன். சேர்ந்துவிட்டது. ஆனால் வைஃபை குறியின் பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை என்று எழுதிக் காட்டியது. ரூட்டரை அணைத்துப் போட்டேன், போனை அணைத்துப் போட்டேன். பழைய போனிலோ நெட் நன்றாக ஓடியது. ஒரே வீடு, ஒரே பெட்டி, ஒன்றில் வருகிறது, ஒன்றில் வரவில்லை.

இங்கேதான் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுப் போன் சேர்ந்தவுடனே மேலேயிருந்து ஒரு அறிவிப்பு இறங்கியது. "சைன் இன் டு நெட்வொர்க்" என்று ஆங்கிலத்தில். தொட்டால் ஒரு பக்கம் திறந்து யூசர் ஐடி, பாஸ்வேர்டு இரண்டையும் கேட்டது. நான் பயந்துபோய் மூடிவிட்டேன். மறுபடி வந்தது, விரலால் தள்ளிவிட்டேன். ஏன் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். தானாக வந்து விழுகிற பக்கத்தில் பாஸ்வேர்டு போடாதீர்கள், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள் என்று பாங்கியிலும் போலீஸிலும் பல வருஷமாகச் சொல்கிறார்கள். வேலையில் இருந்தபோது கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதே மாதிரி தானாக வந்து விழுந்த பக்கம்தான் எங்கள் நெட் கம்பெனியின் உண்மையான பக்கம் என்று யார் சொல்லித் தெரியும்? மாட்ட வந்த அன்றைக்கு "இந்த மாதிரி ஒரு பக்கம் வரும், இந்தப் பெயர் இருக்கும், அதில் பயப்படாமல் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

போன் போட்டேன். "நாளைக்கு ஆள் வரும்" என்றார்கள். நாலாம் நாள் வந்தான். அறிவிப்பைத் திறந்து காட்டினான். "இதான் ஆச்சி லாகின். ஐடி என்கிட்ட இருக்கு" என்று தன் போனில் தேடினான். எத்தனையோ வீட்டு ஐடி அதில் இருந்தது, கீழே தள்ளிக்கொண்டே போனான். எடுத்துப் போட்டால் பக்கம் ஏற்கவில்லை. எங்கள் கணக்கில் ஒரே ஒரு போனைத்தான் பதிந்திருந்தார்கள், அது என் பழைய போன். சரி என்று புதுப் போனின் மேக் முகவரி என்ற அடையாள எண்ணை செட்டிங்ஸில் 'அபவுட் போன்' என்ற இடத்தில் பார்த்து ஆபீஸுக்கு அனுப்பினான். பதிந்துவிட்டோம் என்று அங்கிருந்து சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. போய்விட்டான்.

ஆறாம் நாள் மறுபடி வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கடிதத்துக்கு விலாசம் மாதிரி ஒவ்வொரு போனுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு மேக் முகவரி போட்டு அனுப்புகிறார்கள். ஆனால் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, போன் வைஃபையில் சேரும்போது அந்த உண்மையான முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைத் தானே உண்டாக்கிக் காட்டுகிறது. போகிற இடமெல்லாம் ஒரே முகவரியைக் காட்டினால் நம்மைப் பின்தொடர முடியும் என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது, நல்ல ஏற்பாடுதான். பையன் உண்மை முகவரியை ஆபீஸுக்கு அனுப்பினான், போனோ மாற்று முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாமல் அந்தப் பக்கம் கதவைத் திறக்கவில்லை. வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பல்சக்கரக் குறியைத் தொட்டு, 'பிரைவசி' என்ற இடத்தில் போனின் சொந்த மேக் என்று மாற்றினான். லாகின் பக்கத்தில் மறுபடி போட்டான். நெட் வந்தது.

அன்று சாயந்தரம் காற்றில் கரண்ட் போய், வந்தது. நெட் போய்விட்டது. பக்கம் மறுபடி லாகின் கேட்டது. என்னிடம் ஐடி இல்லை. பையன் போட்டுக் கொடுத்தானே தவிர, எழுதிக் கொடுக்கவில்லை. நானும் நெட் வந்த சந்தோஷத்தில் கேட்க மறந்துவிட்டேன்.

எனக்குத் தூக்கமே வரவில்லை. தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவரின் பாஸ்புக்கை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. வட்டி பதிய வாங்கினாலும் ரசீது கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கைநாட்டு வைக்கிற கிழவிகள் "நீயே வச்சுக்க தாயி, நான் எங்கயாவது போட்டுருவேன்" என்று கெஞ்சுவார்கள். முடியாது என்று சொல்லி மடியில் வைத்துக் கட்டி அனுப்புவோம். கணக்கு அவர்களுடையது, புத்தகமும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். இங்கே என் பெயரில், என் ஆதார் நகலைக் கொடுத்து வாங்கிய கனெக்‌ஷனின் சாவி, எத்தனையோ வீட்டுச் சாவியோடு ஒரு பையனின் போனில் கிடக்கிறது. அவர் படுத்தபடியே ஒன்று சொன்னார்: "டோக்கன் கையில இல்லாம டிரைவர் வண்டிய எடுக்க மாட்டான். நீ டோக்கன் வாங்காம லைனுக்குள்ள போயிருக்க." ஒற்றைத் தண்டவாளத்தில் மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலத்து ஆள் அவர். லைனுக்குள் போக டிரைவர் கையில் கொடுக்கும் அனுமதிதான் டோக்கன். அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் நானே அவர்கள் ஆபீஸுக்குப் பஸ் ஏறிப் போனேன். என் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதி வேண்டும், இல்லாமல் போகமாட்டேன் என்று சொன்னேன். கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தால் பாஸ்வேர்டு நாலே எழுத்து. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு மதினியிடம் கேட்டால் அவளுக்கும் அதே நாலு எழுத்துத்தான் என்று அவள் மகள் சொல்கிறாள். தெருவுக்கே ஒரு சாவி! என் ஐடியைத் தெரிந்த யார் வேண்டுமானாலும் என் கணக்கில் நுழையலாம், அவர்கள் எதைச் செய்தாலும் கணக்கில் என் பெயர்தான் இருக்கும். அன்றைக்கே மாற்றினேன். லாகின் பக்கத்திலேயே பாஸ்வேர்டை மாற்ற இடம் இருக்கிறது, சிறிய எழுத்தில், கீழே.

மதினியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பீடி சுற்றுகிறவள். மகன் துபாயில். அவன் முகத்தைப் பார்ப்பதற்காகவே நெட் போட்டவள். போனில் ஏதோ கோளாறு என்று கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து வாங்கியிருக்கிறாள். அதிலிருந்து வைஃபை வேலை செய்யவில்லை. லாகின் போய்விட்டது, அவளுக்குத் தெரியாது. வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதனால் படம் தெரிந்தது, டேட்டா தீர்ந்தது, தீரத் தீர ரீசார்ஜ் செய்தாள். இரண்டு மாதமாக வைஃபைக்கும் கட்டி, ரீசார்ஜுக்கும் கட்டியிருக்கிறாள். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய போனை வாங்கி மொபைல் டேட்டாவை அணைத்தேன். வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேர்த்தேன். அறிவிப்பு வந்தது, லாகின் போட்டேன். பத்து நிமிஷ வேலை.

அறிவிப்பே வராத போனும் உண்டு. மதினியின் மகள் போன் அப்படி. அது ஏன் என்று என் மகன் போனில் விளக்கினான். ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஓர் இடத்துக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்புமாம். 204 என்ற எண்ணோடு வெறுமையான பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். வேறு ஏதாவது வந்தால், நடுவில் யாரோ மறித்து லாகின் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு நமக்கு அறிவிப்புக் காட்டும். எனக்குப் பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டை ஞாபகம் வந்தது. அட்டை திரும்பி வந்தால்தானே சேர்ந்தது நிச்சயம்! அறிவிப்பு வரவில்லையென்றால் குரோமைத் திறந்து நாமே பக்கத்தை வரவழைக்கலாம். ஆனால் இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்று கடைசியில் எஸ் உள்ள பூட்டுப் போட்ட முகவரிகள். நடுவில் புகுந்து வேறு பக்கத்தைக் காட்ட அது விடாது, எச்சரிக்கைதான் வரும். எஸ் இல்லாத முகவரி ஒன்றையோ, கம்பெனி கொடுத்த லாகின் முகவரியையோ நேரடியாக அடித்தால் வந்துவிடும். அந்தப் பெண்ணின் போனில் அதுவும் நடக்கவில்லை. விளம்பரம் வராமலிருக்க யாரோ 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றியதும் பக்கம் வந்தது. தேதி, நேரம் தவறாக இருந்தாலும் சிக்கல் வருமாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரூட்டர் இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் எங்கள் வீட்டுக் காரைச் சுவர் போன்றவற்றைத் தாண்டாது. அவர் கட்டில் கிடக்கிற இரண்டாங்கட்டுக்கு 5ஜி என்று இல்லாத மற்ற பெயர், 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் எட்டுகிறது.

ஒன்பதாம் நாள் பையன் மூன்றாம் முறை வந்தான். நான் ஒரே கேள்வி கேட்டேன். யய்யா, கரண்ட் போகிற போதெல்லாம் ஒவ்வொரு போனிலும் இதைப் போட வேண்டுமா, இந்த லாகினைப் பெட்டிக்கே சொல்லிக் கொடுக்க முடியாதா என்று. "முடியும் ஆச்சி" என்றான்! மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகு. குரோமில் 192.168.1.1 என்று அடித்து ரூட்டரின் பக்கத்தைத் திறந்தான். ரூட்டரே லாகின் செய்வதற்கான பிபிபிஓஇ என்ற இடத்தில் என் ஐடியையும் புதுப் பாஸ்வேர்டையும் என்னையே அடிக்கச் சொன்னான், அடித்தேன். ஆபீஸிலும் ஏதோ மாற்றினார்கள். அதிலிருந்து ரூட்டரே லாகின் செய்துகொள்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் வைஃபை பாஸ்வேர்டு மட்டும் போதும். கரண்ட் போய் வந்தால் இரண்டு நிமிஷத்தில் தானாக வந்துவிடுகிறது. கம்பெனிக்கு இப்போது ரூட்டர் மட்டுந்தான் தெரியும் என்பதால் என் போனின் மாற்று முகவரியையும் பழையபடி போட்டுக்கொண்டேன். எல்லாக் கம்பெனியிலும் இந்த வழி இருக்குமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கேளுங்கள். கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

அன்று மத்தியானமே அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். முற்றத்து வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி திருப்பினோம். போனை நான் பிடித்தேன், மதினி முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அவர் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், சிமிட்டவில்லை. "சிமிட்டுங்க" என்றேன். இரண்டு கண்ணையும் இறுக மூடி, மெதுவாகத் திறந்தார். பச்சை வட்டம் வந்தது. சான்று ஏறிவிட்டது.

கனெக்‌ஷன் கொடுக்கிற எல்லோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். மாட்டிவிட்டுப் புறப்படும்போது லாகின் விவரங்களை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். லாகின் பக்கத்தைத் தமிழிலும் வையுங்கள். மணியார்டர் பாரத்தையே தமிழில் அச்சடித்துக் கொடுத்தோமே, நாலு வரிப் பக்கத்துக்கு என்ன கஷ்டம்? பாஸ்வேர்டை வாடிக்கையாளர் கையாலேயே அன்றைக்கே மாற்ற வையுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று: போனில் புகார் சொன்னால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த புகார் விதிகளில் அது இருக்கிறது, அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. நான் முதல் ஆறு நாளும் எண் வாங்காமல் விட்டதால் நான் கூப்பிட்டதற்கே அவர்களிடம் பதிவில்லை.

எங்கள் பீரோக் கதவின் உள்பக்கம் நான் ஒட்டியிருக்கும் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு, யூசர் ஐடி, லாகின் பாஸ்வேர்டு, லாகின் பக்கத்தின் முகவரி, எத்தனை போன் சேர்க்கலாம், பணம் கட்ட வேண்டிய தேதி, புகாருக்கு அழைக்க வேண்டிய எண் என்று எட்டு வரி. எங்கள் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டு வெறும் கோடாக விட்டிருக்கிறேன். இடம் இருந்தால் கடிதத்தோடு அதையும் அச்சிடுங்கள். வெட்டி எடுத்து, மாட்ட வருகிற பையன் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.